திங்கட்கிழமை ரத்தம்

பதினோரு வருடம், திங்கட்கிழமை தவறாமல், எங்கள் அத்தானின் இடது கையில் நான் ஊசி குத்தினேன். அவருக்கு ஒரு வியாதியும் கிடையாது. அதற்காகவேதான் குத்தினேன்.

கொஞ்சம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேப் இரண்டே அறை. முன்னறையில் அக்கா உட்கார்ந்து பெயர் எழுதுவாள், ரிப்போர்ட் கொடுப்பாள், ஊசிக்கு அழுகிற பெரியவர்களை அதட்டுவாள். பின்னறையில் கை வைத்த நாற்காலி ஒன்று, ஃப்ரீசர் ஒன்று, ரத்தம் பார்க்கும் மிஷின் ஒன்று, நான். மிஷினை நம்பி ஊரே ரத்தம் கொடுக்கிறது. அந்த மிஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது யார்? எண் முன்பே தெரிந்த ஒரு ரத்தத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். மிஷின் அதே எண்ணைச் சொன்னால் சரி. மாற்றிச் சொன்னால் மிஷினைத் திருத்த வேண்டும். இதற்கென்றே கம்பெனிக்காரர்கள் சின்னப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். அது எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஐஸ் கரைந்து கெட்டுப்போயிருக்கும். அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. வீட்டிலேயே கல்லுக்குண்டு மாதிரி ஒரு மனிதர் இருக்கும்போது புட்டி எதற்கு?

நோயில்லாத மனிதன் மாற மாட்டான், மிஷின்தான் மாறும். இது நானே கண்டுபிடித்த சித்தாந்தம். நாலு பேரிடம் சொல்லிப் பெருமை பீற்றிக்கொண்டதும் உண்டு.

அத்தான் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குடிப்பது, புகைப்பது எதுவும் கிடையாது. நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீ ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த கெட்ட பழக்கம். திங்கட்கிழமை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வருவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவ்வளவு பெரிய பஸ்ஸைத் திருப்பிய மனிதருக்கு ஊசி என்றால் பயம். எண்கள் வரும்வரை எழுந்திருக்கவே மாட்டார்.

"என்ன மாப்ள, பாஸா ஃபெயிலா?"

"பாஸ் அத்தான்."

"அப்ப மிஷின் நல்லாருக்கு."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னறைக்குப் போவார். அக்கா ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பாள். பதினோரு வருடமும் இதே மூன்று வசனம்தான். ஒரு நாளும் எங்களுக்குச் சலிக்கவில்லை.

மீதி ரத்தத்தைச் சுழற்றித் தெளியவைத்துச் சின்னக் குழாய்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்போம். வாரத்தின் நடுவில் சந்தேகம் வந்தால் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். குழாயின் மேல் சீட்டு ஒட்டி எழுதுவது அக்கா வேலை. தேதியை எழுதுவாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'இவர்' என்று எழுதுவாள். நான் எவ்வளவு கேலி செய்தும் மாற்றவில்லை. கடைசியில் எங்கள் ஃப்ரீசரின் கீழ்த்தட்டு முழுக்க 'இவர்'தான்.

அறுபத்தைந்து தாண்டியதும் அத்தான் மதியத்தில் தூங்க ஆரம்பித்தார். முன்னறை பெஞ்சில், காத்திருக்கும் ஆட்களுக்கு நடுவிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். முழங்கையைச் சொறிவார். கைகள் மெலிந்தன, வயிறு மட்டும் முன்னால் வந்தது. "ரிட்டயர் ஆனவன் வயிறுப்பா, பிரேக் பிடிக்காது" என்று அவரே சிரித்தார். வயசாகிறது என்றோம். வயசு என்பது எவ்வளவு வசதியான வார்த்தை. எதைப் போட்டாலும் மூடிவிடும்.

அவருடைய அறுபத்தேழாவது வயதில், ஒரு காலையில், முகம் கழுவப் போனவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். கல்லீரல் கல்லாகச் சுருங்கிக் கிடக்கிறது என்றார்கள்.

"குடிக்கவே மாட்டாரே டாக்டர்," என்றாள் அக்கா.

"குடிச்சாத்தான் வரணும்னு இல்லம்மா. கொழுப்பு சேர்ந்தாலே போதும். ஒரே நாள்ல வந்ததும் இல்ல, சத்தமே இல்லாம வருஷக்கணக்கா வளந்திருக்கு. வயசானவங்க ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமே. எடுத்ததே இல்லயா?"

"வாராவாரம் எடுக்கிறோம் டாக்டர். இதோ, இவன்தான் எடுப்பான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனாலும் ஏன் சுவரைப் பார்த்தேன் என்று இன்றுவரை புரியவில்லை.

அவர் போன பிறகும் திங்கட்கிழமை வந்துகொண்டுதான் இருந்தது. மிஷினைச் சரிபார்க்க வேண்டுமே. ஃப்ரீசரின் கீழ்த்தட்டைத் திறந்தேன். 'இவர்' அடுக்கி இருந்தார். கடைசித் தேதி போட்ட ஒரு குழாயை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருக்கினேன். மிஷினில் போட்டேன். கல்லீரல் எண் முப்பத்து நான்கு. நாற்பதுக்குள் இருந்தால் நார்மல். பாஸ்.

இப்படி எட்டு மாதம், செத்துப்போன மனிதர் வாரம் தவறாமல் பாஸ் ஆனார். ஏழு மணிக்கு நாற்காலியில் யாரையும் உட்கார வைக்க எனக்கு மனம் வராது. ஐந்து நிமிடம் காலியாக விடுவேன். எண் வந்ததும் என்னையும் அறியாமல் "பாஸ் அத்தான்" என்று முணுமுணுப்பேன். முன்னறையில் அக்கா ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் பேனா நின்றுவிடும்.

பிறகு பழைய மிஷின் தகராறு செய்ய, புது மிஷின் வந்தது. கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் பெண் சுறுசுறுப்பானவள். இப்போது புட்டியெல்லாம் கெடாமல் குளிர்பெட்டியிலேயே வருகிறதாம், ஒரு டஜன் கொண்டுவந்திருந்தாள். அதைப் போட்டுப் புது மிஷினைச் சரிபார்த்துவிட்டு, "பழைய சாம்பிள் ஏதாவது இருக்கா சார்? ரெண்டு மிஷின்லயும் போட்டு ஒத்துப் பாத்துடலாம்," என்றாள்.

ஒரு 'இவரை' எடுத்துக் கொடுத்தேன். பழைய மிஷின் முப்பத்து நான்கு என்றது. புது மிஷின் அறுபத்தொன்பது என்றது.

"புதுசுல ஏதோ கோளாறும்மா," என்றேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

அவள் கம்பெனிப் புட்டியைப் பழைய மிஷினில் போட்டாள். புட்டியில் அச்சடித்திருந்த எண்ணில் பாதிதான் வந்தது. பழைய மிஷினுக்குள் போய் ஏதோ பார்த்தாள். "கல்லீரல் டெஸ்ட்டுக்கு ஃபாக்டரைப் பாதியாக் குறைச்சு வெச்சிருக்கு சார். யார் இதைத் தொட்டது?"

ஃபாக்டர் என்பது மிஷினுக்குள் இருக்கும் பெருக்கல் எண். அதைக் குறைத்தால் வருகிற எல்லோருக்கும் முடிவு குறைந்து வரும். அதைத் தொட்டது நான். அவள் போன பிறகு என் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் ஐந்து தடவை. அத்தானின் எண் முப்பதிலிருந்து முப்பத்தைந்தாக ஏறியது, மிஷின் கூட்டிக் காட்டுகிறது என்று குறைத்தேன். மறுபடி ஏறியது, மறுபடி குறைத்தேன். ஐந்தும் கீழ்நோக்கியே. பக்கத்திலேயே அவர் சர்க்கரை எண் இருந்தது, அது ஒரு புள்ளிகூட நகரவில்லை. மிஷினுக்குள் இருக்கும் விளக்கு பழசாகிவிட்டது என்றால் எல்லா எண்ணும் அல்லவா ஆட வேண்டும்? கல்லீரல் டெஸ்ட்டுக்கு ஊற்றும் மருந்துக் கரைசல் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் அழகான கையெழுத்தில் ஐந்து இடத்திலும் 'மிஷின் திருத்தப்பட்டது' என்று இருந்தது.

மறுநாள் அக்கா வருமுன் ஃப்ரீசரில் மிச்சமிருந்த எல்லா 'இவரையும்' தேதிவாரியாக அடுக்கிப் புது மிஷினில் போட்டேன். முப்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பத்து நான்கு, ஐம்பத்திரண்டு, அறுபது, அறுபத்தொன்பது. பேயறைந்த மாதிரி நின்றேன். காலியான நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மனிதர் திங்கள் திங்களாக ஒன்றையே சொல்லிக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு தடவையும் நான் "பாஸ்" என்கிறேன்.

நல்லவேளை, மற்றவர்களின் ரிப்போர்ட் நகல்கள் இருந்தன. ஃபாக்டரைத் தொட ஆரம்பித்த நாளிலிருந்து எங்களிடம் கல்லீரல் பார்த்த எல்லோருடையதையும் பிரித்தேன். அவரவர் தேதியில் ஃபாக்டர் எவ்வளவு குறைந்திருந்ததோ அவ்வளவு ஏற்றிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர்கள் முப்பத்தேழு பேர். நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நான் வீட்டுக்கு அனுப்பியவர்கள்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லும் தைரியம் வரவில்லை. "புது மிஷின் வந்திருக்குங்க, சும்மா ஒரு தடவ பாத்துடலாம், ஃப்ரீதான்," என்றேன். வந்தார்கள். பாதிப் பேருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு தையல்கார அம்மாவுக்கு எழுபத்தெட்டு காட்டியது. டாக்டரிடம் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வாசலிலிருந்தே கும்பிட்டார். "ஆரம்பத்துலயே பிடிச்சிட்டாங்களாம் தம்பி. எடையக் குறைச்சு, சர்க்கரையக் குறைச்சா கல்லீரல் தானா தேறிடுமாம். நீங்க கூப்பிடலேன்னா எனக்கு எங்க தெரியப்போகுது? நல்லா இருக்கணும் நீங்க." அந்தக் கும்பிடுக்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

கணக்கு வாத்தியார் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்தபோது மகள் எடுத்தாள்.

"அப்பா போன மாசம் தவறிட்டாருங்க."

"எப்படிம்மா?"

"வயசுதாங்க."

அன்று மதியம் நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

முப்பத்தாறு பேரைக் கூப்பிட்டாயிற்று. முப்பத்தேழாவது பெயர் என் அக்கா.

போன வருடம் அத்தான்தான் அவளை வற்புறுத்தி உட்கார வைத்தார், "நான் மட்டும்தான் பாஸ் ஆகணுமா, நீயும் எழுது பரீட்சையை" என்று. அவளுக்கு முப்பத்தெட்டு வந்தது. நார்மல். அந்த ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். உண்மையில் அது அறுபதுக்கு மேல். இப்போது அவளுக்கு அறுபத்திரண்டு. மதியத்தில் ரிஜிஸ்டர் மேல் தலை வைத்துத் தூங்குகிறாள். தூக்கத்திலேயே முழங்கையைச் சொறிகிறாள். அதே பெஞ்ச் பக்கம், அதே இரண்டு மணி வெயில், அதே சொறிதல்.

"அக்கா, புது மிஷின்ல உனக்கும் ஒரு தடவ பாத்துடலாமே."

"உன் ஊசியப் பாத்தாலே எனக்கு அவரு ஞாபகம் வருது. வேணாம்."

"ரெண்டே நிமிஷம்."

"அதான் நார்மல்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கியே. இதோ இருக்கு." மேஜைக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள். "எனக்கு வயசாகுது, வேற ஒண்ணுமில்ல."

வேறு லேபுக்குப் போ என்றேன், டாக்டரைப் பார் என்றேன். தம்பி போட்ட கையெழுத்து இருக்க ஊரான் கையெழுத்து எதற்கு என்றாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் ஒழிய அவள் கையை நீட்ட மாட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் முகத்தில் நான் முழிக்க முடியாது. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் அக்கா வீட்டுச் சாப்பாட்டிலேயே ஐம்பத்தாறு வயது ஆகிவிட்டவன் நான். அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை. பதினோரு நாள் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். பதினோராம் நாள் மதியம் தூங்கி எழுந்தவள், டீயில் சர்க்கரை போட்டாளா இல்லையா என்று தெரியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அத்தானும் கடைசி மாதங்களில் அப்படி நின்றிருக்கிறார்.

அன்றே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, உன் ரிப்போர்ட் தப்பு. அத்தானுக்கு நான் சொன்ன பாஸெல்லாம் தப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டை அவள் முன் வைத்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தேதியில் விரலை வைத்தாள்.

"இது அவரு பழைய செருப்பு பத்தலேன்னு புதுசு வாங்குன வாரம். கால் வீங்கியிருந்துச்சு."

இரண்டாவது தேதி. "இது பேத்தி பிறந்தநாளுக்கு முந்துன வாரம். ராத்திரி முழுக்க அரிக்குதுன்னு சொறிஞ்சாரு. நான் சோப்பை மாத்துனேன்."

மூன்றாவதைத் தொட்டாள், நான்காவதுக்குப் போனாள், ஐந்தாவதுக்குப் போனாள்.

"அஞ்சு தடவ சொல்லியிருக்காரு," என்றாள். "அஞ்சு தடவையும் அவரு வாயப் பொத்திட்டேடா நீ."

"அக்கா, உன்னையாவது காப்பாத்தணும்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"கூப்பிட்டவங்ககிட்டெல்லாம் என்ன சொன்னே?"

"புது மிஷின்னு சொன்னேன்."

"முப்பத்தாறு வீட்டுக்கும் திரும்பப் போன் பண்ணு. தப்பு நடந்துச்சுன்னு உன் வாயால சொல்லு. வாத்தியார் வீட்டுக்கும் சொல்லு."

லேப் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே போனாள். கண்ணாடிக்கு அடியில் இருந்த அவள் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள்.

மூன்று நாள் போன் செய்தேன். திட்டினார்கள், சிலர் அழுதார்கள், ஒருவர் கேஸ் போடப்போவதாகச் சொன்னார். போடட்டும். வாத்தியாரின் மகள் கடைசிவரை கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அக்கா வரவில்லை. போய்க் கதவைத் தட்டவும் எனக்கு முகம் இல்லை. பன்னும் டீயுமாக நாளை ஓட்டினேன்.

திங்கட்கிழமை ஏழு மணி. வழக்கம்போல நாற்காலியைக் காலியாக விட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, கம்பெனிப் புட்டியை மிஷினில் போட்டேன். அது சொல்ல வேண்டிய எண்ணைச் சரியாகச் சொன்னது. பின்னால் நாற்காலி முனகியது. அந்த முனகல் எனக்கு நன்றாகத் தெரிந்த முனகல். ஒரு கணம் திரும்பவே பயந்தேன்.

அக்கா உட்கார்ந்திருந்தாள். இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடு."

குத்தினேன். அவள் கண்ணை மூடவில்லை, குழாய் நிறைவதையே பார்த்தாள். சீட்டில் தேதியை அவளே எழுதி ஒட்டினாள். சுழற்றித் தெளியவைத்தேன். குழாயை வெளிச்சத்தில் காட்டினால் மேலே நின்ற தெளிவில் கொஞ்சம் மஞ்சள் கூடியிருந்தது. இல்லை என்று சொல்லிக்கொள்ள மனம் பறந்தது. இந்தத் தடவை சொல்லிக்கொள்ளவில்லை.

எண் வந்தது. எண்பத்து மூன்று.

என் கை தானாக மிஷின் பக்கம் போயிற்று. எதற்குப் போயிற்று என்று எனக்கே தெரியாது, பழக்கம்.

"கைய எடு," என்றாள் அக்கா பின்னாலிருந்து.

எடுத்தேன். தையல்கார அம்மாவுக்கு எழுபத்தெட்டு, அவர் தேறிக்கொண்டிருக்கிறார் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அதைவிட ஐந்துதான் அதிகம். வெறும் ஐந்து.

"பாஸா ஃபெயிலா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு நான் பதினோரு வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்.

"ஃபெயில்க்கா."

அவள் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டாள். முன்னறையில் காலியாக இருந்த பெஞ்ச் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, எத்தனையோ நாளுக்கு அப்புறம், என்னைப் பார்த்தாள்.

"அப்ப மிஷின் நல்லாருக்கு," என்றாள்.